‘சார்ஜ்’ – ஒரு சொல், பல சுமைகள்

(நமது சங்கத்தின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“வங்கி சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள், ஆனால் யாரும் தூங்கிவிடக் கூடாது” என்று செயலாளர் சொன்னார். முப்பத்தைந்து வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவனிடம் கேட்கக்கூடிய மிகக் கடினமான காரியம் இதுதான். அதனால் வட்டி விகிதம், டெபாசிட் என்று போகாமல் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அது ஆங்கிலச் சொல். ஆனால் நம் வீட்டில் பால்காரர் முதல் பேரன் வரை எல்லோரும் சொல்வது. அந்தச் சொல் ‘சார்ஜ்’.

ஒரு நாளில் எத்தனை முறை இது காதில் விழுகிறது என்று பாருங்கள். காலையில் எழுந்ததும் “போன்ல சார்ஜ் இல்லை”. வாசலில் ஆட்டோக்காரர், “சார்ஜ் ஏறிப்போச்சு சார்”. தொலைக்காட்சியில் “போலீஸ் லத்தி சார்ஜ்”. அடுத்த செய்தியில் “சார்ஜ் ஷீட் தாக்கல்”. நம் காவலாளி, “இன்சார்ஜ் சார் இன்னும் வரலை”. ஆஸ்பத்திரியிலிருந்து சம்பந்தி, “நாளைக்கு டிஸ்சார்ஜ்”. மாதம் பிறந்தால் நம் பொருளாளர், “மெயின்டனன்ஸ் சார்ஜ் இன்னும் வரலையே”. செல்போனுக்கும் போலீஸுக்கும் பொருளாளருக்கும் என்ன சம்பந்தம்? ஒரே சொல் இவ்வளவு இடத்தில் எப்படி உட்கார்ந்தது?

விடை ஒரு மாட்டு வண்டியில் இருக்கிறது. லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்தே ஒரு வினைச்சொல் பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. ‘கார்’ என்கிற வண்டியும், ‘கேரி’ என்கிற சுமத்தலும், கப்பலில் ஏற்றும் ‘கார்கோ’வும் இதே குடும்பத்தின் பங்காளிகள். பத்திரிகையில் மூக்கைப் பெரிதாக்கி வரைகிறார்களே, ‘கேரிகேச்சர்’, அதுவும் இத்தாலிய மொழி வழியாக வந்த உறவுதான். ஒன்றை அளவுக்கு மீறி ஏற்றிக் காட்டுவது.

ஆக, சார்ஜ் என்றால் அடிப்படையில் சுமை ஏற்றுவது. இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் எல்லாப் பூட்டும் திறக்கும். துப்பாக்கியில் மருந்து நிரப்புவது சார்ஜ். மின்சாரத்தைப் பற்றி 18-ம் நூற்றாண்டில் ஆராய்ந்தபோது, கண்ணாடி ஜாடியில் மின்னூட்டத்தை நிரப்புவதற்கும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் அப்படிப்பட்ட ஜாடிகளை வரிசையாக இணைத்து, பீரங்கி வரிசையைக் குறிக்கும் ‘பேட்டரி’ என்ற சொல்லை அதற்கு வைத்தார். பேரன் தினமும் செருகும் சார்ஜரும் பேட்டரியும் இப்படிப் போர்க்களத்தின் பக்கத்திலிருந்து வந்தவை. எதிரியின் மேல் மொத்த பாரத்தோடு பாய்வதும் சார்ஜ்தான். 1854-ல் கிரிமியப் போரில் பாலக்லாவா என்ற இடத்தில் அறுநூற்றுச் சொச்சம் குதிரை வீரர்கள் பீரங்கிகளுக்கு எதிரே பாய்ந்ததைப் பற்றி டென்னிசன் எழுதிய கவிதையின் தலைப்பில் இந்தச் சொல் இருக்கிறது. நம்மில் பலர் அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். லத்தி சார்ஜ் அந்தப் பரம்பரையில் வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நம் தமிழும் தனியாக இதே வழியில் யோசித்திருக்கிறது. குற்றம் ‘சுமத்துகிறார்கள்’ என்கிறோம். குற்றம் என்ன, மூட்டையா? ஆனாலும் சுமத்துகிறோம். வரிச்சுமை, கடன் சுமை என்கிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். அதற்குள் இருப்பது ‘பொறு’. பொறுத்தல் என்றால் தாங்குதல். பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஒரு பாரத்தைத் தாங்குகிறார். ஆங்கிலேயன் ‘இன் சார்ஜ்’ என்று சொல்வதை நாம் ‘பொறுப்பில் இருக்கிறார்’ என்கிறோம். இரண்டு மொழிக்கும் உறவில்லை. ஆனால் முதுகு எல்லா ஊரிலும் ஒன்றுதானே!

இனி ஒவ்வொரு சுமையாகப் பார்ப்போம். முதலில் பணம்.

வணிகவியலில் சில சொற்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். பொருளுக்குக் கொடுப்பது பிரைஸ், விலை. பயணத்துக்குக் கொடுப்பது ஃபேர். டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுப்பது ஃபீஸ். தப்புக்குக் கட்டுவது ஃபைன். சேவைக்காக நம் தலையில் ஏற்றுவது சார்ஜ். வங்கியில் செலவுகளை எழுதும் கணக்கின் பெயரே ‘சார்ஜஸ் அக்கவுண்ட்’ என்று இருந்தது. டீ வாங்கினாலும், லெட்ஜர் பைண்டிங் செய்தாலும் அந்தக் கணக்கில்தான் பற்று எழுதுவோம். வங்கி தனக்குத் தானே ஏற்றிக்கொண்ட சுமை அது. இன்று நிலைமை மாறி, நம் பாஸ்புக்கில் அந்தச் சொல் அடிக்கடி தென்படுகிறது.

அதனால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். எந்த சார்ஜாக இருந்தாலும் ‘எதற்கு’ என்று கேட்கும் உரிமை சுமப்பவருக்கு உண்டு. சில உதாரணங்கள் சொல்கிறேன். ஏ.டி.எம்.மில் நம் வங்கியிலேயே மாதம் 5 முறை இலவசம். சென்னை போன்ற பெருநகரங்களில் மற்ற வங்கியின் இயந்திரத்தில் 3 முறை, மற்ற ஊர்களில் 5 முறை. அதைத் தாண்டினால் 2025 மே 1 முதல் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை வசூலிக்கலாம், வரி தனி. இதில் பலர் கவனிக்காதது, இருப்பு எவ்வளவு என்று சும்மா பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும். பென்ஷன் வந்துவிட்டதா என்று முதல் தேதி மூன்று தடவை வேறு வங்கி இயந்திரத்தில் எட்டிப் பார்த்தால், மாதத்தின் இலவசம் அன்றே முடிந்தது.

இன்னொன்று, ஓட்டலில் பில்லோடு சேர்த்துவிடும் சர்வீஸ் சார்ஜ். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல்கள் தாமாக அதை பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. என்பது அரசாங்க வரி, அது வேறு. சர்வீஸ் சார்ஜ் என்பது நாம் விரும்பினால் கொடுப்பது. பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்தான் என்றால் தாராளமாக அவன் கையில் கொடுங்கள். அதில் தடை ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பொறுப்பு. வங்கியில் ஒரு மேலாளர் மாற்றலாகிப் போனால் “சார்ஜ் கொடுத்துவிட்டார்” என்போம். வந்தவர் “சார்ஜ் எடுத்தார்”. அதில் பெரிய சடங்கே உண்டு. ரொக்கத்தை எண்ண வேண்டும், நகைப் பைகளைச் சரிபார்க்க வேண்டும், சாவிகளை ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழும் அந்த நிமிடத்தில் பாரம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறது. நம் சங்கத்திலும் நிர்வாகிகள் மாறும்போது வாய்வார்த்தையாக முடித்துவிடாமல், ஜெனரேட்டர் உத்தரவாத அட்டை, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், வங்கிக் காசோலைப் புத்தகம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. நம்பிக்கைக் குறைவினால் சொல்லவில்லை. இறக்கி வைத்தவரும் நிம்மதியாகத் தூங்க வேண்டும் அல்லவா!

ஆங்கிலத்தில் இங்கே ஒரு சின்ன வேடிக்கை உண்டு. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பில் இருப்பவர். நடுவில் ஒரு ‘தி’ சேர்த்து ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் அடுத்தவர் பொறுப்பில் விடப்பட்டவர். பாட்டி குழந்தைக்கு ‘இன் சார்ஜ்’. குழந்தை பாட்டியின் ‘சார்ஜில்’. நம் வீடுகளில் யார் யாருடைய பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது சாயங்காலம் ஆறு மணிக்குப் பூங்காவுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவதாக வருவதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. சொத்தின் மேல் இருக்கும் சார்ஜ். இந்தச் சுமை கண்ணுக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில் எழுதியிருக்காது. அதனாலேயே ஆபத்து.

1882-ம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்தில் அடமானத்துக்கு ஒரு பிரிவும், சார்ஜுக்கு ஒரு பிரிவும் தனித்தனியே இருக்கின்றன. அடமானத்தில் சொத்தில் ஓர் உரிமை கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது. சார்ஜில் உரிமை மாறுவதில்லை, ஆனால் பணம் வர வேண்டியதற்கு அந்தச் சொத்து ஈடாக நிற்கிறது. பேச்சு வழக்கில் வங்கிக்காரர்கள் இரண்டையும் சேர்த்தே “சார்ஜ் இருக்கிறது” என்று சொல்லிவிடுவார்கள். நாமும் இன்று அப்படியே வைத்துக்கொள்வோம்.

நம்மில் பலர் வீட்டுக்கடன் வாங்கித்தான் இந்த ஃபிளாட்டை வாங்கினோம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூலப்பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து, அதற்கான ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். அது வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். அதோடு ‘செர்சாய்’ என்ற மத்தியப் பதிவேட்டிலும் வங்கி பதிவு செய்கிறது. ஒரே வீட்டின் பத்திரத்தைக் காட்டி நாலு வங்கியில் கடன் வாங்கும் மோசடியைத் தடுக்க 2011-ல் ஏற்படுத்திய பதிவேடு அது. ஆக, வண்டியில் சுமை இரண்டு இடத்தில் ஏறியிருக்கிறது. கடைசித் தவணை கட்டியதும் அது தானாக இறங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தானாக இறங்காது. இறக்க வேண்டும்.

நம் குடியிருப்பில் முன்பு இருந்த ஒரு நண்பர், இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். அவர் கடனை முழுக்க அடைத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பத்திரங்களும் பீரோவில் பத்திரமாக இருந்தன. மனைவியின் சிகிச்சைக்காக வீட்டை விற்க வேண்டி வந்தது. வாங்க வந்தவருடைய வங்கி வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகத்தானே காட்டுகிறது, ரசீது பதிவாகவில்லையே” என்று நிறுத்திவிட்டது. இவர் கடன் வாங்கிய கிளை அந்த இடத்தில் இல்லை. வேறு கிளையோடு இணைத்துவிட்டார்கள். பழைய கோப்பு எங்கேயோ ஒரு கிடங்கில். அங்கே இருந்த இளைஞர்களுக்கு இவரைத் தெரியாது. நானும் இரண்டு முறை துணைக்குப் போனேன். கடன் அடைத்ததற்குச் சான்று வாங்கி, அதிகாரியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்து வந்து பதிவு முடிக்க நான்கு மாதம். அதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். இவருக்குக் கிடைத்தது குறைந்த விலை. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. ஆனாலும் சுமை இறங்கவில்லை.

இப்போது சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஒரு உத்தரவு போட்டது. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். எந்தப் பதிவேட்டில் சார்ஜ் பதிவாகியிருந்தாலும் அதையும் நீக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் நமக்கு இழப்பீடு தர வேண்டும். பத்திரத்தை அவர்களே தொலைத்துவிட்டால், நகல் பெறுவதற்கு உதவி செய்து அந்தச் செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம். கடன் வாங்கியவர் காலமாகிவிட்டால் வாரிசுகளிடம் பத்திரம் ஒப்படைக்கும் நடைமுறையையும் ஒவ்வொரு வங்கியும் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. பத்திரம் கைக்கு வந்ததும் ஓடிவந்துவிடாதீர்கள். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பழைய பதிவு அழியாது, அது சரித்திரம். ஆனால் அதற்குப் பிந்தைய வரிசையில் ரசீது ஏறியிருக்க வேண்டும். அது இருந்தால்தான் சுமை இறங்கியது என்று பொருள்.

காருக்கும் இதே கதைதான். கடனில் வாங்கிய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் ‘ஹைப்பாதிகேஷன்’ என்று நிதி கொடுத்தவர் பெயர் இருக்கும். கடன் முடிந்ததும் அவர்களிடம் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் வாங்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். பிறகு இன்சூரன்ஸ் பாலிசியிலும் நீக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வண்டி விற்கும்போதும், விபத்தில் முழு இழப்பீடு கேட்கும்போதும் அந்தப் பழைய பெயர் குறுக்கே வந்து நிற்கும்.

இதை முடிக்குமுன் நம் பொருளாளர் மகிழ ஒரு செய்தி. பராமரிப்புக் கட்டணமும் சொத்தின் மேல் சார்ஜும் ஒரே சொல் என்பது வெறும் தற்செயல் அல்ல. மகாராஷ்டிராவின் 1970-ம் வருடத்து அடுக்குமாடி உரிமைச் சட்டத்திலும், கர்நாடகாவின் 1972-ம் வருடத்துச் சட்டத்திலும், கட்டாமல் விட்ட பொதுச் செலவுப் பங்கு அந்த ஃபிளாட்டின் மேலேயே சார்ஜாக ஏறும் என்று எழுதியிருக்கிறார்கள். அரசு மற்றும் நகராட்சி வரி பாக்கிக்கும் முதல் அடமானத்துக்கும் அடுத்தபடி அதற்குத்தான் முன்னுரிமை. பிள்ளைகள் பெங்களூரிலோ பூனாவிலோ பழைய ஃபிளாட் வாங்கப் போகிறார்கள் என்றால், அந்தச் சங்கத்திடம் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

நான்காவது, குற்றச்சாட்டு. இதில் மூன்று படிகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலில் போலீஸ் பதிவு செய்வது முதல் தகவல் அறிக்கை. விசாரணை முடிந்து நீதிமன்றத்தில் போலீஸ் கொடுப்பது சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து, வழக்கு நடத்த முகாந்திரம் உண்டு என்று நீதிமன்றம் முடிவு செய்து பதிவு செய்வதுதான் சார்ஜ். சார்ஜ் ஷீட் வந்துவிட்டது என்றாலே குற்றவாளி என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சுமத்தப்பட்டது வேறு, நிரூபிக்கப்பட்டது வேறு. வங்கியிலும் ஊழியருக்கு சார்ஜ் ஷீட் கொடுப்பார்கள். அதை வாங்கிய நாளிலிருந்து சகாக்கள் டீக்குக் கூட அழைக்காமல் ஒதுங்கியதையும், விசாரணையில் அவர் மேல் தப்பில்லை என்று வந்த பிறகும் அந்த மனிதர் பழையபடி சிரிக்காததையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தச் சொல்லை நிதானமாகப் பயன்படுத்துவோம்.

இந்தச் சொல்லை வைத்துத்தான் இன்று நம் வயதுக்காரர்களைப் பயமுறுத்துகிறார்கள். வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் ஒருவர் வருவார். “உங்கள் ஆதாரை வைத்துப் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்கள் மேல் பணமோசடி சார்ஜ் இருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட்டில் இருக்கிறீர்கள், அறையை விட்டு வெளியே வரக்கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது” என்பார். பிறகு, “சரிபார்ப்பதற்காகப் பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், திருப்பித் தந்துவிடுவோம்” என்பார். நமது சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார். சற்று முன் சொன்ன மூன்று படிகளை நினைத்துப் பாருங்கள். அறிக்கை, குற்றப்பத்திரிகை, நீதிமன்றம். இதில் எந்தப் படியிலாவது பணத்தை அனுப்பச் சொல்லும் வேலை இருக்கிறதா? இல்லை. குற்றச்சாட்டு என்ற சார்ஜைக் காட்டிக் கட்டணம் என்ற சார்ஜைப் பிடுங்குகிறான். இரண்டு அர்த்தமும் ஒரே வாயிலிருந்து வந்தால் அது மோசடி என்று முடிவு கட்டிவிடலாம்.

அப்படி அழைப்பு வந்தால் துண்டியுங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நேரம் பார்க்க வேண்டாம், இரவு இரண்டு மணியானாலும் என் கதவைத் தட்டலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெட்கப்பட்டு மறைத்தால் அந்தச் சுமையை நாம் தனியாகத் தூக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, டிஸ்சார்ஜ். ஏற்றுவது சார்ஜ் என்றால் இறக்குவது டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை ஒன்பது மணிக்கு “வீட்டுக்குப் போகலாம்” என்பார். இன்சூரன்ஸ் அனுமதி வந்து கிளம்பும்போது இருட்டிவிடும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அந்தத் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி எத்தனை மணிக்குக் கோரிக்கை அனுப்பியது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் டெபாசிட் ரசீதின் பின்னால் கையெழுத்துப் போடுவதையும் ‘டிஸ்சார்ஜ்’ என்றுதான் சொல்வோம். பணத்தை வாங்கிக்கொண்டு வங்கியின் பாரத்தை இறக்கிவிடுகிறோம். டெபாசிட்காரர் காலமானால் நாமினிக்குப் பணம் கொடுப்பதோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் கவனியுங்கள், வங்கிக்குத்தான் அது டிஸ்சார்ஜ். வாரிசுகளின் உரிமை அதனால் தீர்வதில்லை. நாமினி அந்தப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், அவரே சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. மூத்தவன் பெயரை நாமினியாகப் போட்டுவிட்டால் மூத்தவனுக்கே போகும் என்று பல குடும்பங்களில் நினைத்து, பிறகு அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் போனதை கவுண்டரிலிருந்து பார்த்திருக்கிறேன். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். அவரவர் பங்கையும் குறிப்பிடலாம். இருந்தாலும் யாருக்கு என்ன என்பதை உயிலாக எழுதி வைப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

நம் கிராமங்களில் பாதையோரம் சுமைதாங்கிக் கல் இருக்கும். பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டு வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரிக்கு ‘ரீசார்ஜ்’ என்கிறோமே, நம் முன்னோர்கள் மனிதருக்கே அதற்கொரு இடம் வைத்திருந்தார்கள். இந்த மாதக் கூட்டத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து மூன்று காகிதங்களை எடுத்துப் பாருங்கள். வீட்டின் வில்லங்க விவரம், காரின் ஆர்.சி., டெபாசிட் ரசீதுகள். எதில் பழைய சுமை இறங்காமல் இருக்கிறதோ அதை இந்த மாதமே இறக்க ஆரம்பியுங்கள். நம் காலத்துக்குப் பின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து அலைய வேண்டாம். விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன். அதற்கு சார்ஜ் கிடையாது.